பேசில் வண்டிக்குத் தேடிய வயர்லெஸ் பெட்டி

கோலாலம்பூர் ரயில் நிலையத்தின் தந்தி அறையில் பேசில் உட்காரும் நாற்காலிக்கு இடது கைப்பிடி மட்டும்தான் உண்டு. வலது பக்கத்துக் கைப்பிடியை அவரே கழற்றிப் போட்டுவிட்டார். மோர்ஸ் கீயைத் தட்டும்போது முழங்கையில் இடிக்கிறதாம். மேலதிகாரி ஒருமுறை கேட்டதற்கு, "நாற்காலி வேணுமா சார், தந்தி வேணுமா?" என்று பதில் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பகல் முழுக்க ஊரார் செய்தியைத் தட்டுகிற மனிதர், சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து குளித்து, ஜெபம் முடித்து, மறுபடியும் ஒரு கீயின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். இது சொந்தக் கீ. அமெச்சூர் வயர்லெஸ் லைசென்ஸ் வைத்திருப்பவர் அவர். கூரைக்கு மேலே இரண்டு மூங்கில், நடுவில் செம்புக் கம்பி. கிள்ளானில் சலாவுதீன் பாய் வீட்டிலும் அதே மாதிரி இரண்டு மூங்கில். பாய் கடையின் முன்பாதியில் துணி, பின்பாதியில் ரேடியோ. இரண்டு பேரும் தினமும் மோர்ஸில்தான் பேசிக்கொள்வார்கள்.

பேசிலுடைய மனைவி மகதலேனா பூச்சோங் தோட்டத்துப் பெண். அவருடைய அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். கண் மங்க ஆரம்பித்தபோது மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸும் எடுத்துக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு மகதலேனா ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்றாலும் லைசென்ஸை மட்டும் ஆண்டு தவறாமல் புதுப்பித்து வந்தார். மோர்ஸ் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. ரயில்வே குடும்பங்களில் அது சகஜம். சோறு கேட்க வாயைத் திறக்காமல் தட்டின் விளிம்பில் கரண்டியால் தட்டுகிற புருஷன் வாய்த்தால், மனைவிக்குத் தானாகவே காது பழகிவிடும்.

சென்ற ஆண்டு பேசில் ஒரு பழைய ஆஸ்டின் கார் வாங்கினார். வாங்கிய வாரமே ஆசையும் சேர்ந்து வந்தது: ஓடுகிற வண்டியிலிருந்து பேச வேண்டும்.

"இருபது வருஷமா மத்தவங்க வீட்டுச் சாவையும் கல்யாணத்தையும் தட்டிக்கிட்டு இருக்கேன், மகதலேனா. ரோட்டுல போறப்ப நான் கண்டதை, நான் சொல்லணும்."

"கண்டதை வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னா ஆகாதா?"

"உன்கிட்ட சொன்னா நீ பதிலுக்கு வேலை சொல்றே."

வண்டியில் வயர்லெஸ் வைக்கத் தனி அனுமதி வேண்டும். பேசில் விடாமல் எழுதிக் கேட்டதில் கடைசியாகத் தந்தி இலாகா இறங்கி வந்தது. ஒரு சனிக்கிழமை, வெள்ளைக்கார ஆய்வாளர் ஒருவர் வண்டியில் கூடவே வருவார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் அவர் தரும் மூன்று கேள்விகளைப் பாய்க்கு அனுப்பி மூன்றுக்கும் பதில் வாங்க வேண்டும். கேள்வி புறப்பட்டதிலிருந்து பதில் முடியும் வரை வண்டிச் சக்கரம் நிற்கக் கூடாது. தோற்றால் இனி இந்த விஷயமாக எழுத வேண்டாம்.

இனி இருந்தது ஒரே கேள்வி. எந்தப் பெட்டி?

சலாவுதீன் பாயிடம் இரண்டு இருந்தன. ஒன்று பிஸ்கட் டின் அளவு. வாயால் பேசலாம், காதால் கேட்கலாம். இன்னொன்று மோர்ஸ் பெட்டி. அதற்குத் தனி பேட்டரி, மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்க ஒரு சுழலும் மோட்டார் என்று எல்லாம் சேர்ந்து ஓர் அரிசி மூட்டை கனம்.

"பேசில் அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க," என்றார் பாய். "வண்டிக்குச் சின்னதுதான் சரி. ஒரு கை போதும். வாயிருக்கு, பேசுங்க."

"எவ்வளவு தூரம் எடுக்கும் பாய்?"

"கண்ணுக்கெட்டின தூரம்."

"நடுவுல மலை இருந்தா?"

"மலையை ஏன் பார்க்கிறீங்க? வானத்தைப் பாருங்க."

இரண்டையும் பரீட்சைக்கு எடுத்துவந்தார் பேசில். பிஸ்கட் டின்னின் ஜோடியை மகதலேனா வீட்டில் வைத்துக்கொள்ள, இவர் பேசிக்கொண்டே போனார். பங்சார் மேடு தாண்டியதும் அவர் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. அடுத்த நாள் மோர்ஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிள்ளான் ரோட்டில் பத்து தீகா என்ற ஊர் வரை போய், ரப்பர் மர நிழலில் நிறுத்தி, மடியில் கீயை வைத்துத் தட்டினார். கிள்ளானிலிருந்து பாயின் பதில் பக்கத்து அறையிலிருந்து வருவது மாதிரி கேட்டது. முடிவெடுக்க அதற்கு மேல் என்ன வேண்டும்? பெட்டியைப் பின் சீட்டுக்கடியில் பொருத்தி, கூரைக்கு மேலே முன்னும் பின்னும் இரண்டு குச்சி நட்டுக் கம்பி கட்டினார். குவார்ட்டர்ஸ் பெண்கள், துணி காயப்போட ஆஸ்டினில் கொடி கட்டியாச்சா என்று மகதலேனாவிடம் விசாரித்தார்கள்.

மகதலேனா வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"பெட்டி நல்லாத்தாங்க இருக்கு. கீயைத் தட்ட ஒரு கை. பதிலை எழுத ஒரு கை. ஸ்டியரிங்கை எந்தக் கையில பிடிப்பீங்க?"

பேசில் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். நாற்காலி ஓடாது, வண்டி ஓடும் என்பதை இருபது வருஷப் பழக்கத்தில் மறந்துபோயிருந்தார். வண்டியை நிறுத்திவைத்துப் பரீட்சை செய்தவர் மனதில், அது தந்தி அறை மேசையாகவே இருந்திருக்கிறது.

ஆனாலும் விடவில்லை. கீயைத் தொடையில் வாரால் கட்டிக்கொண்டு, ஒரு கையால் ஓட்டியபடி மறு கையால் தட்டிப் பார்த்தார். "மழை இல்லை" என்று தட்டி முடிப்பதற்குள், தெருமுனையில் பால்காரர் சின்னையா ஓட்டிவந்த எருமைகளுக்கு நடுவே வண்டி புகுந்து வாய்க்கால் ஓரத்தில் சாய்ந்தது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் ஒன்று மட்டும் கூரைக் கம்பியில் கொம்பை மாட்டிக்கொண்டு விட மறுத்தது.

"என்ன தந்தி சார், என் எருமைக்குச் சேதி வந்திருக்கா?" என்றார் சின்னையா.

அன்று சாயங்காலம் மகதலேனா நேராகக் கேட்டார். "நான் ஓட்டட்டுமா?"

"பெண்டாட்டி ஓட்ட, புருஷன் பக்கத்துல சும்மா உக்காந்து வர்றதா? கோயில்ல எல்லாரும் சிரிப்பாங்க லா."

"எருமையே சிரிச்சாச்சு. இனி கோயில் சிரிச்சா என்ன?"

 பேசில் சாப்பிடும்போது தட்டின் விளிம்பில் கரண்டியால் மெல்லத் தட்டினார். சரி என்று அர்த்தம்.

பரீட்சைக்கு முந்திய நாள் ஒத்திகை பார்த்தார்கள். அனுப்புவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பதில் வரும் நேரத்தில் காதில் ஒரே படபடப்பு. இன்ஜினில் பொறி விழும் ஒவ்வொரு தடவையும் வயர்லெஸில் வறுகடலை வெடித்தது. பத்து தீகாவில் இன்ஜினை அணைத்துவிட்டுத்தானே கேட்டார், இது எப்படித் தெரிந்திருக்கும்? பேசில் காதுக்கருவியைக் கழற்றி மடியில் போட்டார்.

"பாய் சொன்னதே சரி. தப்பான பெட்டியை எடுத்துட்டேன். இதைக் கட்டிக்கிட்டு நாளைக்கு எப்படிப் போறது?"

வண்டி அப்போது பங்சார் மேட்டின் உச்சியில் இருந்தது. மகதலேனா இன்ஜினை அணைத்தார். சரிவில் ஆஸ்டின் சத்தமில்லாமல் உருண்டது. மடியில் கிடந்த காதுக்கருவியிலிருந்து பாயின் மோர்ஸ் கொசு பாடுவதுபோலத் தெளிவாகக் கேட்டது.

"தோட்டத்துல எண்ணெய் மிச்சம் பிடிக்க அப்பா இப்படித்தான் இறக்குவாரு," என்றார் மகதலேனா. அடிவாரத்தில் சுவிட்சைப் போட்டு, கியரில் வைத்து கிளச்சை விட்டதும் இன்ஜின் தானே பிடித்துக்கொண்டது. "நீங்க மேட்டுல அனுப்புங்க. இறக்கத்துல கேளுங்க."

"நான் அனுப்பி முடிச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷமா உங்க தட்டுச் சத்தத்துலதான் சமைக்கிறேன். தெரியும், உக்காருங்க."

சனிக்கிழமை காலை ஆய்வாளர் வந்தார். நெட்டையான ஆள். பின் சீட்டில் பேட்டரிக்குப் பக்கத்தில் முழங்கால் தாடையில் முட்ட உட்கார்ந்தார். ஸ்டியரிங்கின் முன்னால் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண் உட்காருவதைக் கண்டு லைசென்ஸைக் கேட்டார். மகதலேனா எடுத்து நீட்டினார். அவர் இரண்டு பக்கமும் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டாவது காதுக்கருவியை மாட்டிக்கொண்டார். அவருக்கும் மோர்ஸ் தெரியும்.

முதல் கேள்வி பங்சாரில்: கிள்ளானில் மழையா? மேட்டில் ஏறிக்கொண்டே பேசில் தட்டினார். கடைசி எழுத்து விழுந்ததும் மகதலேனாவின் கை சுவிட்சுக்குப் போனது. உச்சி தாண்டி வண்டி உருள, பாயின் பதில் வந்தது. பாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. சலாம் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்க மாட்டார். சலாம், சுகமா, வீட்டில் சுகமா, சாப்பிட்டாச்சா, அதன் பிறகுதான் மழை இல்லை என்பது. சரிவு நீளமாக இருந்ததால் எல்லாமே அதற்குள் அடங்கியது.

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஜின் ஏன் நின்றது என்று கேட்டார். சக்கரம் நிற்கவில்லையே என்றார் பேசில். ஆய்வாளர் தன்னுடைய தாளை எடுத்து வாசித்தார். இன்ஜினைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

இரண்டாவது கேள்வி பெட்டாலிங் பக்கத்து மேட்டில் போய், பதில் இறக்கத்தில் வந்து சேர்ந்தது.

மூன்றாவது கேள்வியைத் தராமல் பத்து தீகாவைத் தாண்டும் வரை ஆய்வாளர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். கிள்ளானை நெருங்க நெருங்க ரோடு தட்டையாகிவிட்டது. மேடு இல்லை, இறக்கம் இல்லை, இரண்டு பக்கமும் தென்னை மட்டும். அப்போது கேட்டார்: பாயின் கடை வாசலில் இப்போது நிற்கும் வண்டி எது?

பேசில் மனைவியைப் பார்த்தார். மகதலேனா ஆஸ்டினின் ஆக்சிலேட்டரை அடி வரை மிதித்தார். ஓட்டை வண்டி ஒடிந்துவிடுவதுபோல நடுங்கிக்கொண்டு பறந்தது. பேசில் கேள்வியைத் தட்டினார். கூடவே, சுருக்கமாகச் சொல்லவும் என்றும் தட்டினார். முடிந்தது. இன்ஜின் அணைந்தது.

சலாம், என்று தொடங்கினார் பாய். சுகமா. துரைக்கும் சலாம். துரைசானிக்கு ஏற்ற புதுப் பட்டு வந்திருக்கிறது, வரும்போது பார்த்துவிட்டுப் போகலாம்.

வண்டி மெதுவானது. பின்னால் வந்த சைக்கிள் முந்திப் போனது. அடுத்து ஒரு மாட்டு வண்டியும் முந்தியது.

"இந்த மனுஷனுக்கு வியாபாரம் பண்ண வேற நேரமில்லையா!" என்று பேசில் பல்லைக் கடித்தார். ஆய்வாளர் ஜன்னலுக்கு வெளியே குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். சக்கரம் நடக்கிற வேகத்துக்கு வந்து, தவழ்கிற வேகத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

ரோட்டோரம் சாலை போடும் ஆட்கள் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி தம்புசாமி. நின்றுபோகப் போகிற காரையும், அதை ஓட்டுகிற பெண்ணையும் பார்த்துவிட்டுச் சும்மா நிற்கிற ஆட்களா அவர்கள்? சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"அக்கா, வண்டி படுத்துக்கிச்சா?"

"படுக்கல அண்ணே! தள்ளுங்க! பேசாம தள்ளுங்க!"

"ஏன் பேசக்கூடாது? உள்ள யாருக்காவது நோவா?"

"உஸ்!"

ஆறு பேர் வாயை மூடிக்கொண்டு தள்ளினார்கள். ஆஸ்டின் மறுபடியும் நடை பிடித்தது. பட்டின் விலையைச் சொல்லி முடித்த பாய், கடைசியில் விஷயத்துக்கு வந்தார்: கடை வாசலில் மீன் வண்டி, நாற்றம் தாங்கவில்லை.

பேசில் எழுதிய தாளை உயர்த்திக் காட்டினார். ஆய்வாளர் காதுக்கருவியைக் கழற்றினார். பின்னால் வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். தாளை மறுபடி எடுத்தார். சக்கரம் நிற்கக் கூடாது என்றுதான் இருந்தது. அதை யார் சுற்றுவது என்று இல்லை. அவருக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகுதான் சிரிப்புச் சத்தம் வெளியே வந்தது.

"வெள்ளைக்காரனுக்கு என்னக்கா ஆச்சு?" என்றார் தம்புசாமி, இப்போது பேசலாமா என்று தெரியாமல் தாழ்ந்த குரலில்.

அனுமதி பதினைந்து நாளில் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: வண்டி ஓடும்போது ஓட்டுபவர் வேறு, வயர்லெஸை இயக்குபவர் வேறாக இருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் கோயிலில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் இப்போதும் சீண்டத்தான் செய்கிறார்கள். "என்ன பேசில், வீட்ல ஓட்டுறாங்க, நீங்க காத்து வாங்குறீங்களா?"

"நான் என்னய்யா செய்றது? கவர்ன்மென்ட் உத்தரவு," என்கிறார் பேசில், முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, ஓடிப்போய் இடது பக்கக் கதவைத் திறந்தபடி.

பிஸ்கட் டின்னைப் பாய் இன்னும் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். மலையைப் பார்க்காத ஒரு வாடிக்கையாளர் வருவார் என்று நம்புகிறார்.

அனுமதி கிடைத்த பிறகு பேசில் வண்டியிலிருந்து அனுப்பிய முதல் செய்தி, பங்சார் மேட்டில் ஏறும்போது தட்டியது: "மகதலேனா ஓட்டுகிறாள். ரோட்டோரம் ஒருவன் ஏழு பலாப்பழத்தை ஒரே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறான். மதியச் சாப்பாட்டுக்கு வருகிறோம்." கடைசி எழுத்து விழுந்தது. மகதலேனா சுவிட்சை அணைத்தார். சரிவில் வண்டி உருளத் தொடங்க, கிள்ளானிலிருந்து பதில் வந்தது.

சலாம், என்று ஆரம்பித்தார் பாய். சுகமா.

"முடிக்க நேரமாகும் போல," என்றார் மகதலேனா. பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார்.