ரூமாவுக்கு நாங்கள் போட்ட பின்னல்

போன மாதம் ஒரு காலை, வரிச்சிக்குடிப் பக்கம் போனவர்கள் என் வேனைப் பார்த்திருப்பீர்கள். நடந்து போகிறவர்கள்கூட அதை முந்திக்கொண்டு போனார்கள். பைக்கில் வந்த ஒருத்தர் பக்கத்தில் ஒட்டி வந்து, "என்னண்ணே, வண்டிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் பறந்தார்.

எனக்கு எப்போதும் அப்படித்தான்... கேட்டவர் போன பிறகுதான் பதில் தோன்றும். அதனால்தானே வாராவாரம் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்!

பின் சீட்டில் ரூமா இருந்தாள். பத்து வயதிருக்கும். மேற்கு வங்காளத்துப் பெண். நான் வேன் ஓட்டுகிற குழந்தைகள் காப்பகத்துக்குத் தனியாக வந்து சேர்ந்தவள். அவளுடைய அம்மா நம் பக்கத்து வயல்களுக்கு நடவு வேலைக்கு வந்தவர். திடீரென்று அவரிடமிருந்து போன் வருவது நின்றுவிட்டது. ஊரில் இருக்கும் மகள் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? சென்னைக்கு வேலைக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர்களோடு ரயில் ஏறிவிட்டாள். வந்த இடத்தில், கூட்டத்தில் அவர்களைத் தவறவிட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் – காரைக்கால். அதையே சொல்லிச் சொல்லி வந்துவிட்டாள்.

ஆனால் அம்மா எந்த ஊர் வயலில்? புரோட்டா கடையில் வேலை பார்க்கும் வங்காளத் தம்பி சுஜித்தைக் கூட்டிவந்தோம்.

"அம்மா போன்ல என்ன அடையாளம் சொன்னாங்கன்னு கேளு தம்பி" என்றார் எங்கள் வார்டன் கற்பகம் அக்கா.

சுஜித் கேட்டுச் சொன்னான். "எல்லாம் பச்சையா இருக்குமாம்க்கா. பக்கத்துல வாய்க்கால் ஓடுமாம். தூரத்துல கோபுரம் தெரியுமாம்."

அக்கா என்னைப் பார்த்தார். நம் பக்கத்தில் எந்த ஊர்தான் அப்படி இல்லை?

குழந்தைகள் நலக் குழுவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினோம். கிளம்பும் முன் அக்கா ரூமாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டார். வெள்ளை ரிப்பன், மல்லிகைச் சரம், பொட்டு, காப்பகத்து நீல யூனிஃபார்ம். "அம்மாவப் பாக்கப் போற புள்ள... அழுக்கா போனா நம்மளத்தானே பேசுவாங்க?" என்றார்.

அவள் போட்டு வந்த சிவப்பு ஃபிராக்? கிழிந்திருந்தது. வந்த அன்றைக்கே கழற்றிக் குப்பையில் போட்டாயிற்று. யார் வந்தாலும் அதுதான் எங்கள் வழக்கம். முதலில் குளியல், புது உடுப்பு, அப்புறம்தான் சாப்பாடு. அவள் அந்த ஃபிராக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பசி என்று நினைத்துக்கொண்டோம்.

லேசாகத் தூறல். வயலும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன. தண்ணீர் கட்டிய வயலில் மேகம் மிதந்தது. அந்த மேகத்தின் மேல் குனிந்து பெண்கள் நாற்று ஊன்றிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு, மேலே ஆம்பளைச் சட்டை. முகமே தெரியவில்லை. வயல் வயலாக முதுகுகள்... கனவில் வருகிற மாதிரி, முடியாமல் வந்துகொண்டே இருந்தன.

நிமிர்ந்து பார்க்கட்டும் என்று ஹாரன் அடித்தேன். ரூமா என் தோளைத் தட்டி ஏதோ சொன்னாள்.

"அடிக்காதீங்கண்ணே. குனிஞ்சிருந்தாதான் அவளுக்குத் தெரியுமாம்" என்றான் சுஜித். "அம்மா இடது முழங்கைய முட்டியில ஊணிக்கிட்டுத்தான் நடுவாங்களாம்."

ஹாரனிலிருந்து கையை எடுத்தேன். அம்பகரத்தூர் தாண்டி ஒரு வாய்க்கால் மதகில் அவள் கத்தினாள். நிறுத்துவதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். வரப்போரம் போய் நின்றாள்.

ஒரு முதுகு நிமிர்ந்தது. அந்த அம்மா ரூமாவைப் பார்த்தார். பொட்டும் பூவுமாக நிற்கிற யாரோ ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி சிரித்தார். பிறகு மறுபடி குனிந்து நாற்றை ஊன்றினார்.

என் பக்கத்தில் கற்பகம் அக்கா, "ஐயோ" என்றார். அவ்வளவுதான்.

ரூமா பூவைப் பிய்த்தாள். ரிப்பனை உருவினாள். பொட்டைப் புறங்கையால் தேய்த்தாள். பின்னல் பாதி அவிழ்ந்து தொங்க, "மா..." என்று கூப்பிட்டாள்.

அந்த அம்மா கையிலிருந்த நாற்றுமுடி தண்ணீரில் விழுந்தது. சேற்றில் ஓட முடியாது என்று யார் சொன்னது?

கொஞ்ச நேரம் கழித்து அவர் எங்களிடம் பேசினார். போன் சேற்றில் விழுந்து செத்துப்போச்சாம். ஊர் நம்பரும் அதோடு போய்விட்டதாம். "யாரோ டீச்சர் வீட்டுப் புள்ளன்னு நெனச்சாங்களாம்" என்றான் சுஜித். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

குழுவின் முன்னால் முறைப்படி எல்லாம் முடிந்து ரூமா அம்மாவோடு போனாள். திரும்பும் வழியில் அக்கா, "அந்த ஃபிராக்க வச்சிருந்திருக்கலாம்ங்க" என்றார்.

நாங்கள் அன்பாகத்தானே செய்தோம்? ஆமாம், அன்பாகத்தான். அந்த அன்பில்தான் ஒரு குழந்தை, தன் அம்மாவின் கண்ணெதிரே கொஞ்ச நேரம் காணாமல் போயிருந்தது.

இப்போது காப்பகத்தில் யார் வந்தாலும் முதலில் சாப்பாடு. அடுத்து, அவர்கள் பாஷை தெரிந்த யாருக்காவது போன் போட்டு, 'உனக்கு என்ன வேணும்?' என்று கேட்கிறோம். போட்டு வந்த துணியைத் துவைத்து மடித்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறோம்.

அலங்காரம் மெதுவாக ஆகட்டும்... தேடுகிறவர்களுக்கு முதலில் அடையாளம் தெரியட்டுமே!