தங்கராசு ஃபார்மேட் அடிக்க மாட்டான்

தங்கராசுவை அடித்துக் கொன்றுவிட்டான் அந்தச் சுடலை…

தாராவியில் கும்பார்வாடா போகிற வழியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தானே, அந்தத் தங்கராசுதான். நேற்று மத்தியானம் மண்டையில் இரும்பு ராடு. இன்று காலை ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றுவிட்டது.

நான் முறுக்கு சுடுகிறவள், மூணாங்கிளாஸோடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் திட்டாதீர்கள். திட்டுவதற்கென்றே ஒருத்தன் இருந்தான், அவனே போய்விட்டான்.

வாயைத் திறந்தால் செருப்பு, மிதி, கொன்னுருவேன்… இவ்வளவுதான் அவன் பேச்சு. சி.டி. தட்டு வெளியே வராவிட்டால் பெட்டியின் விலாவில் ஒரு குத்து விடுவான். வந்துவிடும்.

"ஏம்லே, உங்கிட்ட ஸ்க்ரூ டிரைவரே கெடையாதா?" என்று கேட்பேன்.

"இருக்கு யக்கா. அது உன் வாயக் கழட்டுததுக்கு வச்சிருக்கேன்."

எங்கள் பக்கம் கம்ப்யூட்டருக்குத் தலைவலி வந்தாலும் வயிற்றுவலி வந்தாலும் எல்லாக் கடையிலும் ஒரே வைத்தியம். ஃபார்மேட். இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதுசாகப் போடுவது. தங்கராசுவுக்கு அந்த வார்த்தை ஆகாது. ஒருத்தர் வந்து "ஃபார்மேட் மார் தோ பாய்", அடித்துவிடு தம்பி என்று இந்தியில் சொன்னதும் கையிலிருந்த மவுஸை சுவரில் அடித்து நொறுக்கினான். அதுவும் அந்த ஆள் கொண்டுவந்த மவுஸ்!

"பூட்டு கெட்டுப்போச்சுன்னா வீட்டையா கொளுத்துவ?" என்று கத்தினான். அந்த ஆள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

செல்வி எங்கள் சந்தில் மேல் ரூமில் இருப்பவள். ஒரு பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரில் என் முறுக்குப் பாக்கெட்டுக்கு லேபிள் அடித்துத் தருவாள். அவள் புருஷன்தான் இந்தச் சுடலை. கையில் எது கிடைத்தாலும் அதால் அவளை அடிப்பான். பெல்ட், குக்கர் மூடி… ஒரு நாள் இஸ்திரிப் பெட்டி. சூடாக இருந்தது.

ஒவ்வொரு தடவையும் காயத்தை போனில் படம் எடுத்து கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிடுவாள். போனை அவன் தினமும் நோண்டுவான். கம்ப்யூட்டர் பக்கம் வரமாட்டான். என்றைக்காவது போலீஸில் காட்ட அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

போன வாரம் அவள் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றான். மானிட்டரைத் தூக்கிச் சுவரில் அடித்தான். ஓடிக்கொண்டிருந்த சி.பி.யூ. பெட்டியை மிதித்தான். அப்புறம் அவளை மிதித்தான். மானிட்டரை உடைத்தால் படமும் ஒழிந்தது என்று அந்தப் புத்திசாலிக்கு நினைப்பு. நிம்மதியாகக் குடிக்கப் போனான்.

"எல்லாம் போச்சு யக்கா" என்று அவளும் அழுதாள். எனக்கும் என்ன தெரியும்? பெட்டியைக் கோணியில் சுற்றி, முறுக்குக் கூடையில் வைத்து, தலையில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

"என்ன யக்கா, கம்ப்யூட்டரையும் எண்ணெயில போட்டுட்டியா?" என்றான் தங்கராசு. என் பின்னால் நின்ற செல்வியின் கன்னத்தைப் பார்த்தான். அதோடு கிண்டல் நின்றது.

வேறு மானிட்டரை மாட்டினான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஏதோ சிஸ்டம் ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது, அதனால் உள்ளே போக முடியாதாம்.

"ஓடுதப்ப மிதிச்சிருக்கான். மிஷின் எழும்புததுக்கு வேண்டிய ஃபைலு ஒண்ணு செதஞ்சு போச்சு. போட்டோவெல்லாம் உள்ளதான் கெடக்கும். நீ அழாத தாயி."

"டிஸ்க்க மட்டும் கழட்டி உன் மிஷின்ல மாட்டேன்லே" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"இது கெழட்டு டிஸ்க்கு, இதுக்கு வயரே என்ட்ட கெடையாது. இதையேதான் எழுப்பணும். நீ பேசாம இரி, செருப்பு பிஞ்சிரும்."

தேடிப் பிடித்துப் போட்ட முதல் சி.டி. ஒத்துவரவில்லை. முழங்காலில் வைத்து ஒடித்தான். இன்னொரு சி.டி.யிலிருந்து நல்ல ஃபைலை எடுத்து, கெட்டுப்போனதன் இடத்தில் வைத்தான். ரீஸ்டார்ட்… மறுபடியும் கறுப்பு.

"எழும்புலே நாயே!" ஒரு குத்து. திரும்ப உட்கார்ந்து டிஸ்க் முழுவதையும் செக் பண்ணவிட்டு, அந்த ஃபைலைத் திரும்பவும் போட்டான். செல்வி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

திரையில் எக்ஸ்பியின் பச்சை மேடும் நீல வானமும் வந்தன. படங்களும் இருந்தன.

முதல் படத்தைத் திறந்தான். முதுகில் இஸ்திரிப் பெட்டி, முனையோடு அப்படியே பதிந்திருந்தது. உடனே மூடிவிட்டான். ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை… தங்கராசு!

எல்லாவற்றையும் ரெண்டு பென் டிரைவில் ஏற்றினான். "ஒண்ணு ஸ்டேஷனுக்கு. ஒண்ணு யக்கா வச்சுக்கிடட்டும்."

நேற்று செல்வி தைரியம் வந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அதே நேரம் சுடலைக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், பெட்டி தங்கராசு கடையில் இருக்கிறதென்று. ராடோடு வந்தான். மற்றதெல்லாம் எதிர் டீக்கடைக்காரர் பார்த்துச் சொன்னது.

"எங்கலே அவ? பெட்டியக் குடு!"

கொடுத்திருக்கலாம். அந்தப் பெட்டி அப்போது வெறும் கபாடி, எடைக்குப் போடுகிற பழசு. ஆனால் கொடுத்தால் அடுத்து அவளைத் தேடித்தானே போவான்?

தங்கராசு பெட்டிமேல் காலைத் தூக்கி வைத்தானாம். "எல்லாம் இதுக்குள்ளதாம்லே இருக்கு. வேற எங்கயும் கெடையாது. ஆம்பளன்னா எடு பாப்போம்."

கீபோர்டால் சுடலையின் வாயில் அடித்தான். எழுத்துக் கட்டைகளோடு பல்லும் தெறித்தது. ராடு முதலில் தோளில் விழுந்தது, அடுத்து மண்டையில்… தங்கராசு விழுந்தபிறகும் சுடலை கடையை விட்டுப் போகவில்லை. பெட்டியை அடித்துக்கொண்டே இருந்தான். டீக்கடைக்காரர் போன் பண்ணி, செல்வியோடு போலீஸ் ஜீப் வந்தபோதும் அடித்துக்கொண்டுதான் இருந்தான்.

செல்வி இப்போதுதான் ஸ்டேஷனில் ரெண்டாவது வாக்குமூலம் கொடுத்து முடித்தாள். இது உனக்காக, தங்கராசு. நேற்று கையெழுத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டாளாம். இன்று நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்… ஒரே இழுப்பில் போட்டாள்.

சாயங்காலம் உன்னைக் கொண்டுவருவார்கள். நாங்கள் ரெண்டு பேரும் கடை வாசலில் இருப்போம்.

போய்ட்டு வாலே, தம்பி…