பாதி தூரம் போதும்

போட்டி நெருங்கும்போது பயிற்சியைக் குறைக்க வேண்டும் என்பது இன்று எனக்கு நன்றாகவே தெரியும். நானே இப்போது பெங்களூருவில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தருகிறேன். போட்டிக்கு முந்தைய வாரம் அவர்களுடைய அப்பா அம்மாக்களை உட்காரவைத்து, ஏன் குறைக்கிறேன் என்று வாய் வலிக்கச் சொல்லிவிட்டுத்தான் குறைக்கிறேன். பதினோரு வயதில் அதே விஷயம் என் தலையில் வந்து விழுந்தபோது எனக்கே ஒரு மண்ணும் புரியவில்லை. பிறகு வீட்டுக்கு எங்கே புரியவைப்பது?

நாங்கள் கோலார் பக்கம் கோரமண்டலில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு காலத்தில் மைன்ஸில் இறங்கியவர். மைன்ஸ் மூடியபிறகு எல்லாரையும் போல விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருவுக்குப் போய், ஒரு கம்பெனி வாசலில் காவல் நின்றார். எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் கோலாரிலிருந்து வந்த ஒரு கன்னடக்கார மேடம். விளையாட்டைப் படிப்பாகவே படித்தவர். பாதித் தமிழ் பேசுவார். நான் நீந்தி முடித்துக் கரையைத் தொட்டதும் என் கழுத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்ப்பார். துடிப்பு சீக்கிரம் இறங்கினால் உடம்பு தேறியிருக்கிறது என்று அர்த்தமாம். எனக்கென்னவோ கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் பெங்களூருவில் நடக்கும் போட்டிக்கு எங்கள் நீச்சல் குளத்திலிருந்து என் ஒருத்தியின் பெயரைத்தான் மேடம் கொடுத்திருந்தார். அதுவரை என்னை அடித்துத் துவைத்தவர், கடைசி வாரம் திடீரென்று சாந்தமாகிவிட்டார். “சாக்கு கண்ணா, பாதி தூரம் போதும். வீட்டுக்குப் போய் நல்லா தூங்கு” என்றார். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும். மற்றப் பிள்ளைகள் எப்போதும்போல நீந்திக்கொண்டிருக்க, நான் மட்டும் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வெட்கமாக இருந்தது. “நான் நல்லா நீந்தலையா மேடம்?” என்று கேட்டதற்கு, “நல்லா நீந்தறதாலதான்” என்று சிரித்தார். சரி, இவருக்குத் தமிழ் சரியாக வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் களியைப் பிசைந்துகொண்டிருந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். கை அப்படியே நின்றுவிட்டது.

“உன்ன மட்டுமா? இல்ல எல்லாரையுமா?”

“என்னை மட்டும்தான்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “உங்களுக்கும் இப்டித்தானே சொன்னாங்க...” என்றாள் அம்மா, மெதுவாக. “நீ கம்முனு இரு” என்றார் அப்பா. நல்லா நீந்துவதால்தான் குறைத்தாராம் என்று நானும் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன். “ஆமா, அவங்க அப்டித்தான் சொல்வாங்க” என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். களி தட்டிலேயே கிடந்தது.

அப்போது உள்ளே நுழைந்தார் மாமா. அம்மாவின் தம்பி, ஆட்டோ ஓட்டுபவர். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு யோசனை இருக்கும். அந்த யோசனையால் இன்னொரு பிரச்சினை வரும். “இன்னாத்துக்கு கவலப்படறீங்க? வேற எவளையோ அனுப்பப் பாக்கறாங்கோ. நம்ம சும்மா இருந்தா ஆவுமா? பேத்தமங்கலம் ரோட்டுல நம்ம சிநேகிதன் நெலத்துல கெணறு கீது. அவங்க கொறைக்கிறத நம்ம அங்க ஏத்திக்கலாம்” என்றார். அப்பா என்றைக்கும் மாமா பேச்சைக் கேட்காதவர். அன்றைக்குக் கேட்டார்.

மறுநாள் அப்பா வேலையிலிருந்து சீக்கிரமே சொல்லிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று பேரும் ஆட்டோவில் கிணற்றுக்குப் போனோம். சுற்றிச் சுற்றி நீந்தச் சொன்னார்கள். அது போதாதென்று, மாமா என் இடுப்பில் மாட்டுக் கயிற்றைக் கட்டி, படியில் நின்று பின்னால் இழுத்தார். நான் முன்னால் போக வேண்டும். “இழு! விடாத!” என்று அப்பா மேலேயிருந்து கத்தினார். என்னைச் சொல்கிறாரா மாமாவைச் சொல்கிறாரா என்று தெரியாமல் நான் தண்ணீர் குடித்தேன். “மேடத்தாண்ட சொல்லாத. போட்டியில பாத்து அவங்களே அசந்து பூடட்டும்” என்று திரும்பும் வழியில் அப்பா சொன்னார்.

காலையில் மேடம் கழுத்தில் விரல் வைத்தார். முகம் சுருங்கியது. “ஏன் நாடி இறங்கவே மாட்டேங்குது? காய்ச்சலா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “சரி, கால்வாசி போதும்” என்றார். கால்வாசி என்று வீட்டில் சொன்னதும் அன்றைக்குக் கிணற்றில் கூடுதல் சுற்று. நாடி இன்னும் மோசமானது. கடைசியில் மேடம், “தண்ணிக்கே வரவேண்டாம், வீட்டிலேயே இரு” என்றார். அதைக் கேட்டபோது அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. “மொதல்ல பாதி. அப்புறம் கால்வாசி. அப்புறம் வராதே. பாத்தியா?” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எனக்கு எலும்பு சூப் ஊற்றினாள்.

ஒருவர் படு என்கிறார், ஒருவர் எழு என்கிறார். இரண்டு பேருமே என்மேல் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? எல்லார் பேச்சையும் கேட்டேன். அந்த வயதில் நான் அவ்வளவு நல்ல பெண்.

போட்டியன்று குளத்தில் குதித்தபோது முதல் பாதி எப்படியோ போய்விட்டது. சுவரை உதைத்துத் திரும்பினேன் பாருங்கள், தோள் இரண்டும் என்னுடையதாகவே இல்லை. இடுப்பில் கயிறு இல்லாமலேயே யாரோ பின்னால் இழுப்பதுபோல இருந்தது. நான் சுவரைத் தொட்டபோது மற்றவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசி.

மேடம் துண்டைப் போர்த்தி, தோளை அழுத்திப் பார்த்தார். நான் “ஆ” என்று கத்தினேன். “என்ன செஞ்சே நீ?” என்று கேட்டார். அதற்குள் அப்பாவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“மேடம், அவ நல்லா உழைப்பா மேடம். நீங்க கொறைச்சீங்க, நாங்க கொறைக்கல. தெனமும் கெணத்துல வுட்டோம். இன்னிக்கி ஒரு நாள் தோத்துட்டா. அதுக்காக அவள நிறுத்திடாதீங்க.”

“அய்யோ தேவரே!” என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு, மேடம் தலையில் கை வைத்து அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவருக்கு வந்த தமிழில் விளக்கினார். தினமும் நீந்தினால் தசை களைத்துப்போகிறது. வேலையைக் குறைத்தால்தான் அது தேறி, முன்னைவிடப் பலமாக எழுகிறது. போட்டிக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் அப்படிக் குறைப்பது. “வேண்டாம்னு குறைக்கலை சார். வேணும்னுதான் குறைச்சேன். திங்கக்கிழமை அனுப்புங்க, எப்பவும்போல.”

“திரும்ப வரலாமா?”

“வரணும் சார். வராம?”

அப்பா அத்தனை பேர் முன்னிலையில் அழுதார். குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு மானமே போயிற்று. தோற்றது நான், இவர் எதற்கு அழுகிறார் என்று கோபம்கூட வந்தது. திரும்பும் ரயிலிலும் அவர் வாய் ஓயவில்லை. “திங்கக்கிழமைதானே வரச் சொன்னாங்க?” என்று பங்காருப்பேட்டையில் கேட்டார், கோரமண்டலில் இறங்கும்போது மறுபடியும் கேட்டார். கை தூக்க முடியாமல் கடைசியாக வந்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? ஆமாம்பா, ஆமாம்பா என்று எரிந்து விழுந்தேன்.

மைன்ஸ் மூடும் காலத்தில் நான் தூளியில் கிடந்தேன். அப்பாவுக்கு முதலில் ஷிப்ட் குறைந்ததும், பிறகு இன்னும் குறைந்ததும், கடைசியில் “வீட்டிலேயே இருங்க, சொல்லி அனுப்பறோம்” என்று ஆனதும் எனக்கு அன்று தெரியாது. யாரும் சொல்லி அனுப்பவில்லை என்பதும் தெரியாது. திங்கட்கிழமை வா என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் அத்தனை வருஷமும் காத்திருந்தார். அது என் பெயருக்கு வந்தது.