ஆத்தா அனுப்பிய அரிசி

ஜவ்வரிசி மில்லை இழுத்து மூடியபோது நான் நான்காம் வகுப்பு. கரியாலூர்ப் பக்கமிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரி வருவது நின்றது. தோல் சீவிய பெண்களெல்லாம் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவும்தான். அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்ததால் எங்களுக்கு வேறு வருமானமில்லை.

மாரியம்மன் கோயிலில் விளக்குப் பூசை நடத்தும் பெண்கள் வேலை போனவர்களுக்கு அரிசி திரட்டிக் கொடுத்தார்கள். அம்மா வாங்கவில்லை.

"யாரு வூட்டு அரிசியும் எனக்கு வேணாம்."

பூசைக்குத் தலைவி என் பெரியம்மா. தங்கையின் ரோஷம் அவளுக்குத் தெரியாதா? ஆடி பிறந்ததும், "வேலை போனவங்க அத்தினி பேரும் மடிப்பிச்சை எடுக்கணும். ஆத்தா உத்தரவு" என்றாள். மஞ்சள் புடவை கட்டி, வேண்டுதலுக்காக வீடு வீடாக முந்தானை ஏந்துவது எங்கள் பக்கம் கௌரவம்தான். பண்ணைக்காரர் வீட்டம்மாவே செய்வார். வழக்கமாக அந்த அரிசி முழுக்கக் கோயில் கூழுக்குப் போகும். அந்த வருடம் ஒரு பிடி மட்டும் ஆத்தாவுக்கு, மிச்சம் வீட்டுக்கு என்று பெரியம்மா சட்டத்தைத் திருத்தியிருந்தாள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

பங்குனியில் எனக்கு அம்மை போட்டிருந்தது. ஆகவே வேண்டுதல் எனக்காகத்தான் என்று நானே முடிவுகட்டி, வேப்பிலையோடு அம்மா பின்னால் தெருத்தெருவாக நடந்தேன். மதியத்துக்குள் பை நிறைந்தது. ஒரு வாரச் சோறு அது. கோயிலுக்குத் திரும்பியதும், அம்மா சூடம் ஏற்றப் போன நேரத்தில், சாமி அரிசி வீட்டுக்கு வந்தால் திரும்பவும் அம்மை போடுமே என்று பயந்து, அவ்வளவையும் கொதிக்கிற கூழ் அண்டாவில் கொட்டிவிட்டேன்.

"இன்னாடி பண்ண?"

"ஆத்தாவுக்கே குடுத்துட்டேம்மா."

ஊரே சுற்றி நின்றது. அடி விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அம்மா வெறும் பையை உதறி மடித்து, "சரி, வா" என்றாள்.

மறுநாள் பெரியம்மா ஒரு தூக்கு நிறைய அரிசியோடு வந்தாள்.

"ஆத்தா பிரசாதம். வேணாம்னு சொல்லக் கூடாது."

பிரசாதத்தை எப்படி மறுப்பது? அம்மா கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள். ஆடி முடியும்வரை வாரம் தவறாமல் தூக்கு வந்தது. எல்லாம் என் புண்ணியம் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் அரிசியை முகர்ந்து பார்த்து, "ஆத்தாவுக்கும் ரேசன் கார்டு இருக்குதா பெரிம்மா?" என்றேன். பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படியென்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று எனக்குக் கோபமே வந்தது.

அதே மில்லில்தான் பெரியம்மாவும் தோல் சீவினாள். அவள் வீட்டு அடுப்பில் அந்த மாதம் என்ன வெந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.