மூட்டு இறுகிய வாட்ச்மேன்

ஆலங்குளம் குவாரி வேலையை விட்டு ராஜபாளையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு பஞ்சாலையில் வேலை கேட்டேன்.

"வாட்ச்மேன் பெரியவருக்கு மூட்டு இறுகிப்போச்சு. நாளைக்கு முதலாளி கார் வரும்போது எந்திரிக்கத் திணறுனாருன்னா, அந்த வேலை உனக்குத்தான்," என்றார் மேஸ்திரி.

மறுநாள் விடியும் முன்பே வாசலுக்குப் போனேன். வாட்ச்மேன் பெரியவர் பட்டாளத்தில் இருந்தவர், மீசையில் ஒரு கறுப்பு முடி இல்லை. கம்பிக் கதவைப் பிடித்தபடி முழங்காலை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

"வலியோட எதுக்கு? செத்த உக்காருங்க," என்றேன்.

"உக்காந்தா இறுகிரும்லே. அசைக்க அசைக்கத்தான் இளகும். மேஸ்திரி எல்லாம் சொன்னாரு. எம் வேலைக்கு வந்தவன் நல்லாத்தான் யோசனை சொல்லுதான்!" என்று சிரித்தார்.

ஹாரன் ஒலித்தது. கதவை அகலத் திறந்து, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

வாசலுக்கு அவரே போதும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, பஞ்சுப்பொதி இறக்கும் வேலையில் சேர்ந்தேன்.