தண்டப் போலீஸ் இருந்த வருஷம்

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஊருக்குத் தண்டப் போலீஸ் போட்டார்கள். இப்போது உள்ளவர்களுக்கு இது விளங்காது. ஓர் ஊரில் கலகம் நடந்தால், அங்கேயே கொஞ்சம் போலீஸ்காரர்களைக் கொண்டுவந்து குடிவைத்துவிட்டு, அவர்கள் சம்பளத்தை அந்த ஊர்க்காரர்களிடமே வரியாக வாங்கிக்கொள்வது வெள்ளைக்கார சர்க்காரின் வழக்கம். எங்கள் ஊர் எருமப்பட்டிக்குக் கிழக்கே, மழையை நம்பிய காட்டு ஊர். மாரியம்மன் பண்டிகையில் யார் முதலில் தேர்வடம் தொடுவது என்று இரண்டு பங்காளிக் கூட்டங்கள் அடித்துக்கொண்டன. சில மண்டைகள் உடைந்தன, ஒரு வைக்கோல் போர் எரிந்தது. அதற்குத்தான் இவ்வளவும்.

அடிதடி நடந்த அன்று என் வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லை. ஜேடர்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதனால் என்ன, வரி எங்களுக்கும் வந்தது. கண் தெரியாத கிழவி ஒருத்தி தனியாக இருந்தாள், அவளையும் மணியக்காரர் விடவில்லை. அவள் போய் எந்த மண்டையை உடைத்தாளாம்?

ஒரு ஏட்டும் அவருக்குக் கீழே ஐந்தாறு கான்ஸ்டபிள்களும் வந்து சாவடியில் இறங்கினார்கள். காலையில் ஒரு தரம் ஊரைச் சுற்றுவார்கள். அதோடு சரி. பிறகு பொழுது சாயும்வரை ஆடுபுலி ஆட்டம். விறகு, பால், மோர் எல்லாம் ஊர் கொடுக்க வேண்டும். கோழியை மட்டும் கேட்பதில்லை, பிடித்துக்கொள்வார்கள்.

மற்ற வீட்டு ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் முணுமுணுக்கக்கூட இல்லை, அவருக்கு வேறு நினைப்பு இருந்தது. எங்கள் பக்கம் ஊர்க்காவல் என்று ஒன்று உண்டு. காவல்காரர் வழிவழியாக வருகிறவர். களத்தில் தானியம் குவிந்ததும் முதலில் அவருக்கு அளந்துவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துப்போவோம். அதை வாங்கிய பிறகு ஓர் ஆட்டுக்குட்டி காணாமல் போனாலும் அவர்தான் பொறுப்பு. கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு தர வேண்டும். போலீசும் அப்படித்தான், சம்பளம் வாங்கினால் பொறுப்பு என்று இவர் முடிவுகட்டிக்கொண்டார்.

முடிவுகட்டியதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. தை மாதம் களத்தில் சோளம் அளக்கும்போது எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார்.

"ஒரு வேலைக்கு ரெண்டு கூலி எந்த ஊர்லீங்க உண்டு? அதுதான் போலீசுக்குக் குடுக்கறமுங்கல்ல. இந்த வருசம் காவக்கூலி வேண்டாமுங்க."

தானியம் மிச்சம் என்றால் யார் தலை ஆடாது? எல்லாத் தலையும் ஆடியது. காவல்காரர் சண்டை போடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செரிங்க சாமி, போலீசே பாத்துக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அப்படிச் சாதுவாகப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "பொம்பளைக்கு என்ன தெரியும்?" என்றார். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் போடுவார்.

ஆடியில் நல்ல உழவு மழை பெய்தது. விதைக்கடலையை உரித்து வைத்துவிட்டேன். உரித்த கடலை நாள்பட்டால் முளைப்பு கெட்டுவிடும், மண்ணில் ஈரமும் காத்திருக்காது. மறுநாள் ஏர் பூட்ட வேண்டும் என்று விடிகாலையில் போய்ப் பார்த்தால் கட்டுத்தறியில் மாடுகள் இல்லை. அறுத்த கயிறு மட்டும் முளைக்குச்சியில் தொங்கியது. இரண்டும் மயிலைக் காளைகள். என் அப்பன் வீட்டுச் சீராகக் கன்றில் வந்து, என் கையில் தவிடு தின்று வளர்ந்தவை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இவர் அழவில்லை. விறைப்பாகச் சாவடிக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். ஏட்டு கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே கேட்டார்.

"திருட்டா? அது எங்க வேலை இல்லய்யா. நீங்க அடிச்சுக்காம பாத்துக்கறதுதான் எங்க வேலை."

"உங்க சம்பளத்தை நாங்கல்லீங்க குடுக்கறோம்?" என்றார் இவர்.

"நீ எங்கய்யா குடுக்கறே? எனக்கு சர்க்கார் குடுக்குது. சரி சரி, வண்டி கட்டிக்கிட்டு வா, வந்து பாக்கறேன்."

வண்டியில் பூட்ட மாடு இருந்தால் நாங்கள் ஏன் அவரிடம் போய் நிற்கிறோம்? எனக்கு வாயில் வந்தது, அடக்கிக்கொண்டேன். பங்காளி வீட்டில் மாடு இரவல் வாங்கி வண்டி கட்டிப் போனால், இன்றைக்கு இல்லை நாளைக்கு என்றார். நாளைக்குப் போனால் நாளன்றைக்கு என்றார். ஒரு வழியாக வந்து, கோழிக்குழம்பு சாப்பிட்டு, கட்டுத்தறியைப் பார்த்து, "கயித்தை அறுத்திருக்காங்க" என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

நான் அன்று மாலையே காவல்காரர் வீட்டுக்குப் போனேன். எங்கள் சீமையில் துப்புக்கூலி என்று இன்னொரு வழக்கம் உண்டு. மாடு திருட்டுப் போனால், தெரிந்த ஆள் மூலமாக ஒரு தொகை கொடுத்தனுப்பினால், மூன்றாம் நாள் ஏதாவது ஒரு ஓடைக்கரையில் மாடு கட்டிக்கிடக்கும். யார் கட்டினார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கூலியில் காவல்காரருக்கும் பங்கு போகும் என்பது ஊரறிந்த விஷயம். போகட்டுமே. மாடு வந்துவிடும் அல்லவா?

"சொன்னாப் போதுமுங்க சாமி, வெள்ளிக்கெழமைக்குள்ள வந்துருமுங்க" என்றார் அவர்.

வீட்டில் வந்து சொன்னேன். "ஏனுங்க, மண்ணு காஞ்சுட்டு இருக்குதுங்க. குடுத்தனுப்பிச்சுரலாமுங்க."

"திருடனுக்குக் கூலி, போலீசுக்கும் கூலியா? நான் குடுக்க மாட்டேன் புள்ள. வாங்குன சம்பளத்துக்கு அவிய கொண்டாரட்டும்."

நியாயம் அவர் பக்கம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நியாயத்தை ஏரில் பூட்ட முடியாதே.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த என் தங்கையிடமிருந்து ஆள் வந்தது. மலையடிவாரத்தில் ஒருவன் தொழுவத்தில் நம் வீட்டு மயிலைகளைப் பார்த்தாளாம். கன்றிலிருந்து பார்த்தவள், அவளுக்கா தெரியாது? இப்போதாவது துப்புக்கூலியைக் கொடுத்து ஓட்டிவந்துவிடலாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். இவர் நேராக அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். அவர்கள் போய் மாடுகளைப் பிடித்தும்விட்டார்கள். "பாத்தியா?" என்று என்னைக் கேட்டார். அந்த ஒரு நாள் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலும் பாவமும் சேர்ந்தே வருகின்றன.

மாடுகளை ஓட்டிவரப் போனபோதுதான் தெரிந்தது. வழக்கு முடியும்வரை அவை தொண்டியாம், சாட்சிக்கு வேண்டுமாம், ஸ்டேஷனிலேயே இருக்க வேண்டுமாம். தீனி மட்டும் நாங்கள் கொண்டுபோய்ப் போட வேண்டும். வாரம் ஒரு நடை வைக்கோலும் தவிடும் சுமந்துகொண்டு போய், தங்கை வீட்டில் தங்கித் திரும்புவேன். ஒரு தடவை நான் போனபோது கொட்டகை காலியாக இருந்தது. கேட்டால், சப்-இன்ஸ்பெக்டர் ஐயா மாமனார் வீட்டுக்கு வண்டியில் போயிருக்கிறாராம். எந்த மாடு பூட்டிய வண்டி என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் வந்து நின்றபோது இரண்டின் கழுத்திலும் நுகத்தடிப் புண். என் காட்டை உழ முடியாத சாட்சி, அவர் வண்டியை இழுக்கலாம்.

எங்கள் காட்டில் ஈரம் போய்விட்டது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நாங்கள் ஆவணியில், எல்லோரும் உழுது முடித்த பிறகு கிடைத்த இரவல் ஏரில் கீறி, நாள்பட்டுப்போன விதையைப் போட்டோம். பாதிதான் முளைத்தது.

அந்த நேரத்தில் ஜில்லா அதிகாரி ஒருவர், வெள்ளைக்காரர், பக்கத்துத் தோப்பில் முகாம் போட்டார். குறையுள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று தமுக்கு அடித்தார்கள். இவர் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போய் நின்றார். பெண்களோடு நான் சற்றுத் தள்ளி நின்றேன். இவர் பேசியதைத் தாசில்தார் துரைக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார்.

"எங்க ஊர்க்காரங்க வரியில சம்பளம் வாங்கறவங்க, எங்க மாட்டைக் காக்கலீங்க. போனதைத் தேடவுமில்லீங்க. அப்ப எதுக்குங்க இவங்களுக்கு நாங்க குடுக்கறது? எங்களுக்குப் பதில் சொல்லோணுமுங்க."

துரை பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு ஏதோ சொன்னார். தாசில்தார் அதைத் தமிழில் சொன்னார்: "இந்தப் போலீஸ் உங்க காவலுக்குப் போட்டதில்லை. உங்களைத் தண்டிக்கப் போட்டது. தண்டனை என்ன செஞ்சுதுன்னு கணக்குக் கேக்க வழியில்லை."

இவர் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். வரும் வழியில் ஒரு தரம்கூடப் பொம்பளைக்கு என்ன தெரியும் என்று சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாசி கழிந்து வழக்கு விசாரணைக்கு வந்தது. மாடு வைத்திருந்தவன், சந்தையில் வாங்கினேன் என்றான், பார்த்ததாகச் சொல்ல ஆட்களும் கொண்டுவந்திருந்தான். எங்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். திருட்டுப் போன அன்றே ஏன் புகார் கொடுக்கவில்லை? எங்கள் ஊர் ஏட்டிடம் அன்று காலையிலேயே சொன்னோம் என்றார் இவர். ஏட்டைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எங்கள் கோழியைத் தின்ற அந்த ஏட்டு, கூண்டில் ஏறி நின்று, "என்கிட்ட யாரும் எதுவும் சொல்லலை" என்றார். கண்கூட இமைக்கவில்லை.

வழக்கு தள்ளுபடியானது. குற்றம் நிரூபணமாகாததால், யாரிடமிருந்து பிடித்தார்களோ அவரிடமே மாடுகளை ஒப்படைக்க உத்தரவு. வேண்டுமென்றால் நாங்கள் சிவில் கோர்ட்டில் தனி வழக்குப் போட்டுக்கொள்ளலாமாம். உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று பக்கத்தில் யாரோ முனகினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோர்ட்டுக்கு வெளியே கொண்டுவந்து கட்டியிருந்த மாடுகளை அவன் அவிழ்த்தான். நான் கூப்பிட்டேன். இரண்டும் காதைத் திருப்பி நின்றுவிட்டன. அவன் இழுத்தும் நகரவில்லை. இவர் ஓர் அடி முன்னால் வைத்தார். உடனே ஏட்டு, தன்னோடு கோர்ட்டுக்கு வந்திருந்த, சாவடியில் ஆடுபுலி ஆடுகிற கான்ஸ்டபிள்கள் இருவரைக் கூப்பிட்டு, வழியில் நாங்கள் பிடுங்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி மாடுகளோடு அனுப்பிவைத்தார். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், தடியோடு அவன் வீடுவரை நடந்து போனார்கள். அந்த வருஷம் எங்கள் காளைகளுக்கு அவர்கள் காவல் போனது அன்று ஒரு நாள்தான்.