நரி பதில் சொல்லாது

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. புதுச்சேரி மூலக்குளத்தில் ஒரு டீக்கடை வாசல். காலை ஏழு மணிக்கு, கையில் விசித்திரமான குச்சிகளோடு பதினைந்து பேர் அங்கே நின்றிருந்தோம். பார்த்தவர்கள் கேபிள் டிவிக்காரர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்தக் கும்பலில் எப்போதும் கடைசியாக வருகிற ஜோடி நானும் என் வீட்டுக்காரரும்.

நாங்கள் ஹாம் ரேடியோ கிளப்பைச் சேர்ந்தவர்கள். அரசாங்கம் வைக்கிற பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினால், வீட்டிலேயே வயர்லெஸ் செட் வைத்துக்கொண்டு, போனும் நெட்டும் இல்லாமல் ஊர் உலகத்தோடு பேசலாம். டூவீலர் மெக்கானிக்கான என் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் இந்தப் பைத்தியம் பிடித்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துவிட்டு ஆன்டெனா கட்டினார். பரீட்சைக்கு அவரை ஒப்பிக்க வைக்க நான் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். சும்மா நீயும் ஒரு அப்ளிகேஷன் போடு என்றார். போட்டேன். நான் பாஸ், அவர் ஃபெயில். அடுத்த தடவை அவரும் தேறிவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை அவர் படிப்பார்.

எங்கள் கிளப் செயலாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வயது ஐம்பத்தெட்டு இருக்கும். எங்களுக்குள் எல்லோரும் அவரை முசே என்றுதான் சொல்வோம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். சட்டம் என்றால் சட்டம், நேரம் என்றால் நேரம். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அதுவே போதும். எனக்கும் அவருக்கும் ஆகாது. ஒவ்வொரு மாதமும் நாங்கள் கடைசியாக வரும்போது, "வாங்க மதாம், நாளைக்குத்தான் வருவீங்கன்னு நெனச்சேன்" என்பார். நானும் சும்மா விடமாட்டேன்.

ஆனால் தினமும் காலை ஆறரை மணிக்கு எங்கள் சமையலறையில் அவர்தான் இருப்பார், அதாவது அவருடைய சத்தம். புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் மோர்ஸ் சங்கேதத்தைக் கிளப்பில் புதிதாகக் கற்பவர்களுக்காகப் பத்து நிமிஷம் அனுப்புவார். நான் ஒரு பக்கம் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே செட்டைத் திறந்து வைத்துக் கேட்பேன். கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறுவதுபோல் இந்தத் தட்டும் கையும் ஆளுக்கு ஆள் மாறும். முசே தட்டுவது அளந்து வைத்த மாதிரி இருக்கும். முடிக்கும்போது மட்டும் கடைசிக் கோட்டை வேண்டுமென்றே ஓர் இழுப்பு இழுப்பார், அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான்.

மாதம் ஒரு ஞாயிறு நரி வேட்டை நடக்கும். ஒருவர் சின்ன செட்டோடு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்வார், அவர்தான் நரி. மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை மோர்ஸில் தட்டுவார். மற்றவர்கள் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, சத்தம் எந்தப் பக்கம் அதிகம் கேட்கிறது என்று பார்த்து அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஆன்டெனா வேறொன்றுமில்லை, கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு டேப்பை வெட்டிப் பிளாஸ்டிக் குழாயில் கட்டியது. மற்ற ஊர்களில் தானாகச் சத்தம் போடும் பெட்டியை ஒளித்து வைப்பதும் உண்டு. முசே ஒப்புக்கொள்ளமாட்டார், பெட்டி அனுப்பினால் அது நரி இல்லை, பொம்மை என்பார். விதிகளும் அவர் எழுதியவைதான். நரி தன் போனை அணைத்துவிட வேண்டும். யார் கூப்பிட்டாலும் நரி பதில் சொல்லக்கூடாது. செட்டில் நரியைக் கூப்பிட்டவர் ஆட்டத்திலிருந்து அவுட். ஒருவர் கண்டுபிடித்த திசையை இன்னொருவருக்குச் சொல்லவும் கூடாது.

அன்றைக்கு முசேதான் நரி. டீக்கடை பெஞ்சில் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி, பேனா மாதிரி இருந்த இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். நான் பதினோரு வருஷமாக மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், பார்த்ததுமே தெரிந்தது. அப்புறம் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், நிதானமா சாப்புடுங்க. நீங்க எந்தப் பக்கம் போறீங்கன்னு பாத்துக்கிட்டே நாங்களும் வந்துட்றோம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொட்டலத்தை அப்படியே பெஞ்சில் வைத்தார். செட்டை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிட்டார். வழியில் எங்கேயாவது சாப்பிட்டுக்கொள்வார் என்று நினைத்தோம். அந்தப் பொட்டலத்தை ஆறு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். அதில் ஒரு இட்லி நான் சாப்பிட்டேன். சட்னி நன்றாக இருந்தது என்று வேறு சொன்னேன்.

எட்டு மணிக்கு வேட்டை ஆரம்பித்தது, பதினொன்று வரை நேரம். கிளப் தலைவர், பள்ளிக்கூட ஆசிரியர், வரைபடமும் கடிகாரமுமாக டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் எல்லோரும் ஊசுட்டேரி ரோட்டைப் பிடித்துப் பறந்தார்கள். எங்களுக்கு வழக்கம்போல் முதல் திருப்பத்திலேயே சண்டை. நான் நேரே என்றேன், அவர் இடது என்றார். வண்டி ஓட்டுகிறவர் அவர்தானே, வில்லியனூர் ரோட்டில் போய்விட்டோம். ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஒரு பெண்மணி, "ஏம்மா, இங்க டவர் வைக்கப் போறாங்களா?" என்று கேட்டார். போதாதென்று வீட்டுக்காரர் ஒரு பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தி மாம்பழ ஜூஸ் பாக்கெட் இரண்டு வாங்கினார். வேட்டைக்கு வந்த இடத்தில் ஜூஸ் கேட்குதா என்று சத்தம் போட்டேன். கோபத்தில் என் பங்கை நான் குடிக்கவில்லை, பையில் போட்டுக்கொண்டேன்.

பத்தே கால் மணி இருக்கும். ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். நரியின் சத்தம் வந்தது. எழுத்துகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் முடிவில் அந்த இழுப்பு இல்லை. மூன்று நிமிஷம் கழித்து மறுபடி வந்தது, நடுவில் தேவையில்லாத இடைவெளி. அதற்கடுத்தது மூன்று நிமிஷத்தில் வரவில்லை, ஐந்து நிமிஷம் ஆனது. நேரம் தவறாத மனுஷன். தட்டல் தடுமாறி, பாதியில் நின்று, மறுபடி தொடங்கியது.

பெஞ்சில் கிடந்த இட்லிப் பொட்டலம் கண் முன்னால் வந்தது. ஊசி போட்டிருக்கிறார், சாப்பிடவில்லை, வெயிலில் சைக்கிள் மிதித்திருக்கிறார். சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்று தினமும் கடைக்கு வருகிறவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்கிறவள் நான். அவரைக் கேலி பேசிக் கிளப்பிவிட்டு, அவர் சோற்றையும் தின்றுவிட்டு நிற்கிறேன். 

போன் போட்டோம், அணைத்து வைத்திருந்தார். செட்டை எடுத்தேன். "சார், நான்தான் பேசறேன். ஒடம்பு நல்லா இருக்கா? பதில் சொல்லுங்க" என்றேன். பதில் இல்லை. நரி பதில் சொல்லாது. ஏரி ரோட்டிலிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டே, "அவுட், அவுட்" என்றார். இன்னொருவர், அது முசே போடும் வேஷம், நம்மைக் குழப்பக் கையை மாற்றித் தட்டுகிறார் என்றார். நான் விடவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நான் பேசியதில்லை. "அவுட்டாவே இருக்கட்டும். அவர் ஊசி போட்டுக்கிட்டு சாப்புடாம போயிருக்காரு. அந்த இட்லிய நாமதான் தின்னோம். ஆட்டத்த நிறுத்துங்க" என்றேன்.

 டீக்கடையிலிருந்து தலைவரின் குரல் வந்தது. ஆட்டம் நின்றது, எல்லோரும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், கடைசியாகச் சத்தம் வந்த திசையை அவரவர் டிகிரியில் சொல்லுங்கள் என்றார். அதுவரை ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். தலைவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். ஆறு கோடும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே பக்கம் ஓடின. அவர்கள் எல்லோரும் ஒரே ரோட்டில் ஒருவர் பின்னால் ஒருவர் நின்றதால், நரி எந்தப் பக்கம் என்று தெரிந்ததே தவிர, எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. அரை கிலோமீட்டரும் இருக்கலாம், நாலு கிலோமீட்டரும் இருக்கலாம்.

"வேற பக்கத்துல யாராவது இருக்கீங்களா?" என்று தலைவர் கேட்டார்.

வேறு பக்கத்தில், வழி தவறி, நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

அதுவரை திசை பார்க்காமல் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருந்தோம். என் வீட்டுக்காரர் ஆன்டெனாவைப் பிடித்தார், நான் போனில் திசைகாட்டியைப் பார்த்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் வலது என்று சொல்லி நானும் வலது என்று சொன்னது அன்றைக்குத்தான். அடுத்த சத்தம் வருமா என்று காத்திருந்தோம். வந்தது. நாலே நாலு தட்டு. எங்கள் கோடு மற்றக் கோடுகளைக் குறுக்கே வெட்டியது. வெட்டிய இடத்தில், வயலுக்கு நடுவே, கைவிட்ட ஒரு செங்கல் சூளை இருந்தது. எங்களுக்கு அது ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம், மற்றவர்களுக்கு அதைவிட அதிகம்.

வரப்போரப் பாதையில் வண்டியை அவர் ஓட்டின ஓட்டத்துக்கு வேறொரு நாளாக இருந்தால் இறங்கி நடந்திருப்பேன். சூளைச் சுவருக்குப் பின்னால் நிழலில் முசே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. விரல் மட்டும் மோர்ஸ் தட்டும் கட்டையின் மேல் இருந்தது. நான் ஜூஸ் பாக்கெட்டைக் கிழித்தேன். விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன். வீட்டுக்காரர் செட்டில் எங்கே இருக்கிறோம் என்று கத்தினார். காரில் வந்திருந்த உறுப்பினர் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்.

பத்து நிமிஷம் இருக்கும். முசேவின் பார்வை மெல்ல மெல்லத் தெளிந்தது. சுற்றிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"என்னைய யாரு செட்ல கூப்ட்டது?" என்றார்.

"நான்தான் சார். கேட்டுச்சா? ஏன் பேசல?"

"நரி பதில் சொல்லக்கூடாதுல்ல" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்க அவுட், மதாம்" என்றார்.

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்காரர் செட்டில், "முசே பேசிட்டாரு, என் பொண்டாட்டிய அவுட்டுனு சொல்லிட்டாரு" என்று அறிவித்தார். மறுமுனையில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச, ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக நரியிடம் முதலில் போய்ச் சேர்ந்தது நாங்கள், ஆட்டத்தில் இல்லாமலேயே.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். நான் போய், சார், உங்க இட்லிய நான்தான் தின்னேன் என்று ஒப்புக்கொண்டேன். சட்னி எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். அந்தக் கடையில் அதுதான் விசேஷம் என்றார். 

நாலாம் நாள் காலை ஆறரை மணி. செட்டைத் திறந்து வைத்திருந்தேன், நம்பிக்கை ஒன்றும் இல்லை. கடுகு வெடித்துக்கொண்டிருந்தது, அடுப்பை அணைத்துவிட்டேன். வந்தது. மெதுவாகத்தான், ஆனால் அளந்து வைத்த மாதிரி வந்தது. பத்து நிமிஷமும் நின்றுகொண்டே கேட்டேன். முடிவில் அந்தக் கடைசிக் கோட்டை இழுத்தார் பாருங்கள், இழுத்துக்கொண்டே இருந்தார். தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவர் முடித்ததும் கிளப்பில் ஒவ்வொருவராகச் செட்டுக்கு வந்து, அதே மாதிரி ஒரு நீளமான கோட்டைத் தட்டிவிட்டுப் போனார்கள். என் முறை வந்தபோது கண்ணீர் கண்ணை மறைத்தது. ஆனாலும் எல்லோரையும்விட நீளமாகத் தட்டினேன்.

அடுத்த கூட்டத்தில் முசே தன் கையாலேயே விதியைத் திருத்தினார். அரை மணிக்கு ஒரு தடவை எல்லோரும் நரியைக் கூப்பிட்டு நலம் கேட்க வேண்டும், நரி வாயால் பதில் சொல்ல வேண்டும். ஜெயித்தவருக்கு மாதாமாதம் கொடுக்கும் எவர்சில்வர் டம்ளர் கோப்பை அந்த மாதம் யாருக்கும் கிடையாது என்றும் அறிவித்தார். விதிப்படி வெற்றி யாருக்கும் இல்லையாம். எல்லோரும் கைதட்டினோம், அதிகமாகத் தட்டியது நான்தான். நாங்கள் இப்போதும் பாதி வேட்டைகளில் கடைசியாகத்தான் வருகிறோம், திருப்பத்தில் சண்டையும் அப்படியே நடக்கிறது. ஆனால் ஒரு மனுஷனைப் பார்த்து நல்லா இருக்கீங்களா என்று கேட்டதற்காக ஆட்டத்திலிருந்து அவுட் ஆன அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான், நான் ஜெயித்த நாள் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.